சம்மனில் மூன்றாம் பிரதிவாதி நான்

நெல்லிக்குப்பத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம் கடலூர் கோர்ட்டிலிருந்து அமீனா, அதாவது கோர்ட் ஊழியர், வந்து சம்மன் கொடுத்தார். வாதி, அதாவது வழக்குப் போட்டவர் என்ற இடத்தில் என் அக்காவின் பெயர். முதல் பிரதிவாதி தம்பி, இரண்டாவது அம்மா, மூன்றாவது நான்.

பிரதிவாதி என்றால் குற்றம் செய்தவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்பா வாங்கிய வீடும் மனையும் தம்பி கையில் இருக்கின்றன, பங்கு தராமல் தள்ளிப்போடுவது அவன். என்னை ஏன் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டும்? அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவள் சொல்ல வந்ததைக் கேட்காமலேயே வைத்துவிட்டேன்.

உறவுக்காரர் ஒருவர், "பொம்பளை நீ எதுக்குக் கோர்ட்டுக்குப் போவணும்? கம்முனு இரு, தானா தள்ளுபடி ஆயிடும்" என்றார். பதினெட்டு நாள் கம்மென்றுதான் இருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

கடைக்கு வந்த ஒரு டீச்சர்தான் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னார். 1987ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார். எனக்கும் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். வக்காலத்தில் கையெழுத்து வாங்குமுன், "இது நான் உங்களுக்காக ஆஜராக நீங்க தர்ற அதிகாரம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினார்.

பிறகு அக்கா கோர்ட்டில் கொடுத்திருந்த வழக்குரையை வரிவரியாகப் படித்துக் காட்டினார். இது சிவில் வழக்கு, குற்றம் என்ற பேச்சே இல்லை; பிரதிவாதி என்றால் வழக்கில் எதிர்ப்பக்கம் சேர்க்கப்பட்டவர், அவ்வளவுதான். பாகப்பிரிவினை வழக்கில் பங்குள்ள எல்லாரையும் சேர்த்தாக வேண்டும், ஒருவரை விட்டாலும் வழக்கு நிற்காது. 'தாவா சொத்து' என்றால் வழக்கில் இருக்கும் சொத்து. 'பரிகாரம்' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கோயில்தான் ஞாபகம் வந்தது. அக்கா கோர்ட்டிடம் என்ன கேட்கிறாள் என்பதுதான் அங்கே பரிகாரமாம். நாலில் ஒரு பங்கு, அவ்வளவுதான் கேட்டிருந்தாள். அப்பா உயில் எழுதவில்லை, அதனால் அம்மாவுக்கும் பிள்ளைகள் மூவருக்கும் சமபங்கு.

"போகாமலே இருந்திருந்தா எக்ஸ்பார்ட்டி ஆயிருப்பீங்க, நீங்க இல்லாமலே வழக்கு நடக்கும்" என்றார். சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிர்வழக்குரை, அதாவது வழக்குரைக்கு நம் பதில், போட வேண்டும். கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை போகலாம். நாங்கள் 27ஆம் நாள் போட்டோம். பிரதிவாதியாக இருந்துகொண்டே என் பங்கையும் தனியாகப் பிரித்துத் தரக் கேட்கலாம், அதற்குக் கோர்ட் கட்டணம் உண்டு. இதை யாரும் எனக்குச் சொன்னதே இல்லை.

வக்கீலம்மா வழக்குரையைப் படித்துக் காட்டிய அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். "உன்னையும் அம்மாவையும் சேர்க்காட்டி கேஸே நிக்காதுன்னு வக்கீல் சொன்னார்டி. அதைச் சொல்லத்தான் அன்னிக்கு வாயெடுத்தேன்" என்றாள்.

அப்புறம் நிறைய வாய்தா. போன வருஷம் தீர்ப்பு வந்ததும் என் வீட்டுக்காரர் ஸ்வீட் வாங்கிவந்துவிட்டார். ஆனால் அது முதல்நிலைத் தீர்ப்பாணைதான். ஆளுக்கு நாலில் ஒரு பங்கு என்று அது முடிவுசெய்கிறது. எந்த மூலை யாருக்கு என்பது இறுதித் தீர்ப்பாணையில்தான் வரும். அதற்கு நாங்கள் தனியாக மனு போட்டோம். கோர்ட் நியமிக்கும் கமிஷனர் இடத்தை அளந்து அறிக்கை தர வேண்டும். தீர்ப்பு வந்துவிட்டது என்று இந்த இடத்தில் நின்றுவிடாதீர்கள்.

போன மாதம் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளந்தார். அடுத்த வாய்தா கார்த்திகையில். வாதியும் மூன்றாம் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸில்தான் கடலூர் போகிறோம்.