பட்டியலில் இல்லாத எண்

ஜூன் 4
ரிப்போர்ட் நாளைக்குத்தான் வருமாம். அம்மா தூங்குகிறாள். 293318625600.

ஜூன் 5
இன்றும் வரவில்லை.

பில் கவுன்ட்டர் எதிரே உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் அந்த எண்ணைப் பிரித்துப் போட்டேன். இரண்டால் ஆறு முறை போகிறது. மூன்றால் நான்கு முறை. ஐந்தும் ஏழும் இரண்டிரண்டு முறை. அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. மொத்தம் 5040 காரணிகள். இதைவிடச் சின்ன எண் எதற்கும் இத்தனை கிடையாது.

இப்படிப்பட்ட எண்களைத்தான் ராமானுஜன் 1915 கட்டுரையில் வரிசையாக எழுதினார். 6746328388800 வரை, 102 எண்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. அதில் 195545750400 இருக்கிறது, 321253732800 இருக்கிறது. நடுவில் வர வேண்டிய இது மட்டும் இல்லை.

ஜூன் 6
அண்ணன் போன் செய்தான். "சும்மா நெட்ல தேடிக்கிட்டே இருக்காத, டாக்டர் சொல்லட்டும்" என்றான். நான் தேடுவது வேறு என்று சொல்லத் தோன்றவில்லை.

ஜூன் 8
1 முதல் 22 வரை எதால் வகுத்தாலும் மீதி இல்லை. 23இல்தான் இடிக்கிறது, மீதி 17. சரி, அந்த 23ஆலேயே பெருக்கிப் பார்த்தேன். 6746328388800! அவருடைய பட்டியலின் கடைசி எண். விடுபட்டுப்போனது அதற்குள் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாவின் பையன் பத்தாவது படிக்கிறான், அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அக்கா, அந்த 5040க்கு எத்தனை?" என்றான். அவனையே போடச் சொன்னேன். 60 வந்தது. 5040க்குக் கீழே எதற்கும் 60 கிடையாது, அதுவும் இதே இனம். கடைசி எண்ணுக்குக் காரணிகள் 10080, அதுவும் இதே இனம்தான். நல்ல பையன்.

ஜூன் 9
அரை டம்ளர் கஞ்சி குடித்தாள்.

ஜூன் 11
தூக்கம் வரவில்லை. ராமானுஜன் கட்டுரை வந்தது போர்க்காலம், அதை அச்சிட்ட லண்டன் கணிதச் சங்கத்திடம் பணமில்லை. கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறவே இல்லை. நிக்கோலா, ரொபேன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் அதைக் குறிப்புகளோடு வெளியிட்டது 1997இல். ராமானுஜன் போய் 77 வருஷம் கழித்து. இந்தக் கட்டுரைக்குத்தான் 1916இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. கொடுத்தது. அடுத்த வருஷமே படுக்கையில் விழுந்தார். அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன்.

ஜூன் 12
ரிப்போர்ட் வந்துவிட்டது. ரவுண்ட்ஸ் முடிந்ததும் கூப்பிடுவார்களாம். அண்ணன் பஸ்ஸில் விழுப்புரம் தாண்டிவிட்டான்.

அதற்குள் இன்னொன்று. ஒரு 3ஐயும் ஒரு 7ஐயும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 23ஐ வைத்தேன். 321253732800. வரிசையில் அடுத்தது அதேதான். 5376 காரணிகள். கூப்பிடுகிறார்கள்