பத்து முறை எம்.பி., ஒரே ஒரு தோல்வி

மக்களவை சபாநாயகராக இருந்த சோம்நாத் சட்டர்ஜி என்றாலே எனக்கு 2008 ஜூலைதான் ஞாபகம் வரும். அமெரிக்காவுடனான அணு ஒப்பந்தத்தை எதிர்த்து, அவருடைய மார்க்சிஸ்ட் கட்சி மன்மோகன் சிங் அரசுக்குத் தந்த ஆதரவை விலக்கியது. அவரையும் சபாநாயகர் நாற்காலியை விடச் சொன்னது. மனிதர் அசையவில்லை. நம்பிக்கை வாக்கெடுப்பு நாளில் பா.ஜ.க. எம்.பி.க்கள் நோட்டுக்கட்டுகளைத் தூக்கிக் காட்டி மேஜையில் வைக்க, அந்த அமளியிலும் சபையை நடத்தி முடித்தார். மறுநாளே கட்சி அவரை நீக்கியது.

அப்பா இந்து மகாசபைத் தலைவர், மகன் கம்யூனிஸ்ட். (வங்காளத்தில் இதெல்லாம் சகஜம்!) 1971ல் முதல் வெற்றி. தோற்றது 1984ல் ஜாதவ்பூரில் மட்டும். தோற்கடித்தவர், அன்று பலருக்கும் தெரியாத மம்தா பானர்ஜி. சரி என்று அடுத்த வருடமே போல்பூர் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். 2009 வரை அந்தத் தொகுதி அவருடையதுதான்.

2018ல் இறந்தபோது, கட்சிக் கொடி போர்த்தக் குடும்பத்தார் சம்மதிக்கவில்லை. எனக்கு அதில் தப்பே தெரியவில்லை.