ஒரு படி எத்தனை நாள்?

தென்னைக் கருந்தலைப் புழுவைக் கணினியில் பெருக வைத்துப் பார்ப்பதுதான் எனக்குக் கிடைத்த வேலை. புழுவை நேரில் பார்க்கும் முன்பே முதல் மாதிரியை எழுதி முடித்துவிட்டேன். ஒரு பூச்சியும் அதன் ஒட்டுண்ணியும் பெருகிக் குறைவதைக் கணக்கிட நிக்கல்சனும் பெய்லியும் 1935-இல் தந்த சமன்பாடு. ஒரு தலைமுறைக்கு ஒரு கணக்கு, வரைபடத்தில் ஒரு புள்ளி. ‘தோப்பில் தலைமுறைகள் தனித்தனியாகவே வருகின்றன’ என்று அறிக்கையிலும் எழுதினேன்.

மூத்த பூச்சியியலாளர் ஒருவர் பார்த்தார்.

“தம்பி, உங்க கணக்குல ஒரு படி எத்தனை நாள்?”

“ஒரு தலைமுறை சார்.”

“அப்புறம் தனித்தனியா வராம வேற எப்படி வரும்?”

நானே வைத்ததை நானே கண்டுபிடித்திருக்கிறேன்!

குளிர்நாட்டில் பனிக்காலம் பூச்சிகளை ஒரே வரிசையில் நிறுத்திவிடும். நம் தோப்பில் ஏது பனி? முட்டையும் புழுவும் அந்துப்பூச்சியும் ஆண்டு முழுக்கக் கலந்துதான் கிடக்க வேண்டும். ஆனால் இலங்கைத் தென்னந்தோப்புகளில் இதே புழு அலையலையாக வந்தது. காரணம், புழுவில் முட்டையிட்டுத் தன் குஞ்சுகளுக்கு அதையே இரையாக்கும் ஒட்டுண்ணிக் குளவியாக இருக்கலாம் என்று சூழலியலாளர்கள் காட்ஃப்ரேயும் ஹாசலும் 1987-இல் எழுதினார்கள். ஒரு சமயம் புழு மிகுந்தால் குளவியும் மிகும். அந்தக் குளவிக் குஞ்சுகள் புழுவின் ஒரு தலைமுறைக் காலத்தில் ஏறக்குறைய பாதி கழிந்ததும் வெளிவந்தால், இடையில் பிறந்த புழுக்கள் மாட்டிக்கொள்ளும். முதல் கூட்டத்தின் பிள்ளைகள் தலையெடுக்கும்போது குளவி ஓய்ந்திருக்கும். மேடு மேடாகவே நிற்கும், பள்ளம் இன்னும் ஆழமாகும்.

இந்த முறை ஒரு நாளை ஒரு படியாக வைத்து எழுதினேன். எல்லாப் பருவத்தையும் கலந்தே தொடங்கினேன். குளவியின் வளர்ச்சி நாள்களைப் புழுவின் தலைமுறையில் பாதிக்குக் கொண்டுவந்ததும் அலை தானாக எழுந்தது. புழுவின் தலைமுறைக்குச் சமமாக நீட்டினேன், அடங்கிவிட்டது. அன்று இரவு சாப்பிட மறந்தேன்.

பிறகுதான் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்புக்குப் போனோம், அங்கே விடுவதற்காகக் கண்ணாடிக் குழாய்களில் பெத்திலிட் என்ற ஒட்டுண்ணிக் குளவிகளோடு. மரமேறும் அண்ணன் அடிமட்டைகளை வெட்டிப் போட்டார். ஓலையின் அடிப்பக்கம் நூலும் எச்சமுமாய்ப் பின்னியிருந்த கூட்டைப் பிரித்துக்கொண்டே போனோம். எல்லாம் கூட்டுப்புழு. இந்தக் குளவிக்கு வேண்டியது தடித்த புழு. அது வர இன்னும் ஒரு மாதமாவது ஆகும்.

“கொண்டாந்ததை விட்டுட்டுப் போனா என்னங்க?” என்றார் தோப்புக்காரர்.

பாதித் தலைமுறைக் கணக்கை அவரிடம் எங்கே தொடங்குவது? ஒரு கூட்டுப்புழுவை அவர் உள்ளங்கையில் வைத்து, “இதை அது தொடாதுங்க” என்றேன். குழாய்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.