செம்பும் மயிற்பீலியும்: வாட்டர்கலரில் மெட்டாலிக் வண்ணம்

தைப்பூசம் நெருங்கினால் மொரிஷியஸில் படம் வரைகிறவர்கள் கை காவடிப் பக்கம்தான் போகும். தென்னங்குருத்து, பூ, எலுமிச்சம்பழம், மயிற்பீலி, பித்தளைப் பால்செம்பு. பூவும் ஓலையும் சாதாரண வாட்டர்கலருக்கே வந்துவிடும். செம்புக்கு வரும்போது எல்லோரும் தங்க வண்ண 'பான்' (காய்ந்த வண்ணம் நிரப்பிய சின்னக் கிண்ணம்) ஒன்றைத் திறந்து செம்பு முழுக்கப் பூசிவிடுகிறோம். காய்ந்ததும் பார்த்தால் ஜிகினாத் தாளைச் செம்பு வடிவில் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. குறை வண்ணத்தில் இல்லை, பூசிய இடத்தில் இருக்கிறது.

'மெட்டாலிக்' என்று விற்கும் வாட்டர்கலரில் பெரும்பாலும் உலோகமே கிடையாது. நம் பாட்டிமார் காக்காப்பொன் என்பார்களே, அந்த மைக்காதான். மெல்லிய மைக்காச் செதில்மேல் டைட்டானியம் டை ஆக்சைடு பூசினால் முத்து வெள்ளை; இரும்பு ஆக்சைடு பூசினால் பொன், வெண்கலம், தாமிரம். அதை அரபிக் கோந்தில் குழைத்துப் பானில் ஊற்றிக் காயவைக்கிறார்கள். ஜெர்மனியின் கோலிரோ, ஜப்பானின் குரேடாகே ஸ்டாரி கலர்ஸ் எல்லாம் இந்த வகை.

ஒவ்வொரு செதிலும் ஒரு பொடிக் கண்ணாடி. தாளோடு படுத்துக் கிடந்தால் எல்லாம் சேர்ந்து ஒரே திசையில் ஒளியைத் திருப்பும். ஒன்று சாய்ந்தும் ஒன்று குத்திட்டும் நின்றால் ஒளி சிதறி, மங்கிய மண்ணிறம்தான் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் வழவழப்பான ஹாட் பிரஸ் தாளில் பொன் பளிச்சென்று இருக்கிறது, ரஃப் தாளில் அதே பொன் சோர்ந்துபோகிறது. 300 ஜிஎஸ்எம் ஹாட் பிரஸ் போதும். பிரஷ் மென்மையான சிந்தெடிக்காக இருக்கட்டும். ஒரே திசையில் ஓட்டுங்கள், ஓட்டிய இடத்தில் திரும்பத் தேய்க்காதீர்கள். ஈரத்தாளில் விட்டால் செதில்கள் மிதந்துபோய்த் தாம் போன இடத்தில் படியும், மினுக்கும் குறையும். சில இடத்தில் அதுவே வேண்டும்: குளிர்காலத்தில் கரும்பு பூக்கும்போது தோட்டம் முழுக்கத் தெரியும் அந்த வெள்ளி மூட்டத்தை, சாம்பல் ஊதா ஈரத்தில் முத்து வெள்ளையைச் சொட்டவிட்டால்தான் பிடிக்க முடியும்.

இப்போது செம்பு. உருண்டையான பித்தளையில் ஓரிடம் கண்ணைக் கூசும் வெள்ளை, பக்கத்திலேயே ஏறக்குறையக் கருப்பு, இடையில் மஞ்சள். தாளோ தட்டை. அதில் பூசிய செதில்கள் எல்லாம் ஒன்றாக மின்னி ஒன்றாக அணையும். ஆகவே உருண்டையைச் சாதாரண வண்ணம்தான் கட்டவேண்டும். பொன் நடு நிறத்தில் மட்டும் உட்காரவேண்டும்.

பதினைந்து சென்டிமீட்டர் உயரச் செம்பு என்று வைத்துக்கொள்வோம். கழுத்துக்குக் கீழே ஒளி விழும் இடத்தை, ஒரு நெல்மணி அளவுக்கு, வெள்ளைத் தாளாகவே விடுங்கள். உலோகத்தின் உச்ச ஒளி கண்ணுக்குப் பொன்னிறமாகத் தெரியாது, வெள்ளையாகத்தான் தெரியும். மற்ற இடம் முழுக்க ரா சியன்னா (மண் மஞ்சள்). அது காய்ந்ததும் நிழல் பக்கத்தில் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). பிறகு அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் கலந்த கருமையை வலது ஓரத்தில் கோடாக இழுங்கள். ஓரத்தை ஒட்டி அல்ல. ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே. விளிம்பில் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு நின்றால்தான் அது எதிரொளி, செம்பு உருண்டு திரும்பும். கருமையைப் பயப்படாமல் போடுங்கள். பொன் எவ்வளவு மின்னும் என்பதைத் தீர்மானிப்பது பக்கத்தில் இருக்கும் இருட்டுதான்.

இதெல்லாம் நன்றாகக் காயவேண்டும். தை மாத ஈரக்காற்றில் அரைமணி நேரம் போதாது. புறங்கையைத் தாள்மேல் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் பொன் பானில் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு இரண்டு நிமிஷம் ஊறவிட்டு, நாலாம் நம்பர் பிரஷால் மெதுவாகச் சுற்றிக் குழையுங்கள். பதம் முக்கியம்: சுண்டக் காய்ச்சின பால்போல் பிரஷிலிருந்து தயங்கி இறங்கவேண்டும். தண்ணீராக ஓடினால் செதில் போதாது, கோந்தும் நீர்த்துப்போகும். களியாக இருந்தால் பிரஷ் தடம் விழும், காய்ந்தபின் உதிரும். வெள்ளைத் திட்டுக்கும் கருமைக்கும் நடுவில், வயிற்றின் வளைவோடு வளைந்து, ஐந்தாறு நீள இழுப்பு. காய்ந்தபின் அதே வழியில் இன்னொரு பூச்சு. கனமான ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு எப்போதும் மேல். செதில்கள் அடியில் இறங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறை தொடும்போதும் ஒரு கலக்குக் கலக்கிவிட்டுத் தொடுங்கள்.

பொன் காய்ந்தபிறகு அதன்மேல் நிழல் ஏற்ற ஆசை வரும். அரபிக் கோந்து தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். இரண்டாவது இழுப்பிலேயே மைக்கா எழும்பி நிழலோடு கலந்து சேறாகும். நிறத்தை மாற்றவேண்டுமானால் பூசுவதற்கு முன்பே பானிலிருந்து எடுத்த பொன்னோடு கலந்துவிடுங்கள். அதுவும் ஒளி ஊடுருவும் வண்ணமாக இருக்கவேண்டும்: குவினாக்ரிடோன் வகைகள் நன்றாகச் சேரும். காட்மியம், டைட்டானியம் வெள்ளை, குவாஷ் போன்ற ஒளி புகாத வண்ணங்கள் எல்லாம் செதில்களை மூடி மினுக்கைக் கொன்றுவிடும்.

மயிற்பீலி வேறு கணக்கு. இங்கே வேண்டியது பொன் வரிசை இல்லை, 'இன்டர்ஃபியரன்ஸ்' வரிசை. பானில் பார்த்தால் எல்லாம் வெளிறிய வெள்ளையாக இருக்கும். பலர் ஏமாந்துவிட்டோம் என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். இதில் சாயம் இல்லை. மைக்காமேல் உள்ள டைட்டானியம் படலத்தின் தடிமன்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. நீலத்தைத் திருப்பி அனுப்பும் செதில், மஞ்சளை உள்ளே விடுகிறது. அடியில் வெள்ளைத் தாள் இருந்தால் அந்த மஞ்சளும் திரும்பி வந்து நீலத்தை அழித்துவிடும். அடியில் கருப்பு இருந்தால் மஞ்சளை அது விழுங்கிக்கொள்ளும், நீலம் மட்டும் மிஞ்சும்.

மயிலும் இதைத்தான் செய்கிறது. பீலியின் நீலத்துக்கும் பச்சைக்கும் நீலச் சாயமோ பச்சைச் சாயமோ காரணமில்லை. இழையின் உள்ளே மெலனின் குச்சிகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் இடைவெளிதான் நிறத்தைத் தருகிறது. அந்த மெலனினின் கருமையே வேண்டாத ஒளியை விழுங்கிக்கொள்கிறது. ஆகவே முதலில் கண் வட்டம் முழுவதையும் லாம்ப் பிளாக் என்ற கருப்பால் கெட்டியாக நிரப்புங்கள். தயங்கித் தயங்கிச் சாம்பலாகப் பூசினால் பலன் பாதிதான். முழுக்கக் காய்ந்தபின், நடுவில் இதய வடிவக் கருநீலத்துக்கு ஊதா இன்டர்ஃபியரன்ஸை மிக மெல்லிதாகவும், அதைச் சுற்றி நீலமும் பச்சையும் கலந்தும் போடுங்கள். அடுத்த வளையத்துக்கு வெண்கலம், அதற்கு வெளியே இளம்பச்சைப் பொன். வெளி இழைகளை ஒன்றாம் நம்பர் லைனர் பிரஷால் தண்டிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே வீச்சில் இழுங்கள். பதம் செம்புக்கு வைத்ததைவிடக் கொஞ்சம் நீர்ப்பாக இருக்கவேண்டும். தண்டுக்கு வெறும் வெளிர்பழுப்பு போதும். அதையும் மினுக்கினால் கண் எங்கே போவதென்று தெரியாது.

விரலால் தொட்டால் பொன் ஒட்டிக்கொண்டு வருகிறதா? கோந்து குறைவு. அடுத்த முறை குழைக்கும்போது ஒரு சொட்டு அரபிக் கோந்து சேருங்கள். அதிகம் சேர்த்தால் காய்ந்த பூச்சில் வெடிப்பு விழும். தண்ணீர்க் குவளை, தட்டு, பிரஷ் மூன்றையும் மெட்டாலிக்குக்கென்று தனியாக வையுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த மாதம் வரையும் மனித முகத்தில்கூட மைக்கா மின்னும். ஃபவுண்டன் பேனாவில் இதை ஊற்றவே கூடாது, அடைத்துக்கொள்ளும். தொட்டு எழுதும் நிப் என்றால் பிரஷால் நிப்பின் அடியில் தடவி எழுதலாம்.

கடலோரத்தில் இருப்பவர்கள் லேபிளில் உள்ள நிறமிக் குறியீட்டைப் படித்து வாங்குங்கள். பிடபிள்யூ 20 (PW20) என்றால் மைக்கா, கவலையில்லை. பிஎம் 2 (PM2) என்றால் தாமிரமும் துத்தநாகமும் கலந்த, 'வெண்கலப் பொடி' என்று விற்கும் உண்மையான உலோகப் பொடி. புதிதில் மைக்காவைவிட அழகாக இருக்கும். உப்புக்காற்றில் கறுத்துப் பச்சை பிடிக்கும். ஃபிளிக் அன் ஃபிளாக் பக்கம் வீடு என்றால் நான் அதைத் தாளில் வைக்கமாட்டேன். அந்தப் பொடியைக் குழைக்கும்போது முகமூடியும் அவசியம். ஈரம் மிகுந்த நவம்பர் முதல் ஏப்ரல் வரை, பயன்படுத்திய பானை ஈரத்தோடு மூடாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். இரவு முழுக்கத் திறந்துவைத்துக் காய்ந்தபின் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். கியூர்பிப் போன்ற மேட்டு ஊர்களின் மழைக்கும் இதே வழிதான்.

முடிந்த படத்தை ஸ்கேனரில் வைத்தால் பொன் பழுப்பாகத்தான் வரும், ஏனென்றால் செதில் திருப்பும் ஒளி லென்ஸுக்கு வந்து சேர்வதில்லை. ஜன்னலோரம் மேஜையில் படுக்கவைத்து, பக்கவாட்டு ஒளியில், போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். ஸ்ப்ரே வார்னிஷ் மினுக்கைக் குறைக்கக்கூடும், அதனால் கண்ணாடிச் சட்டமே நல்லது. கண்ணாடி படத்தைத் தொடாதபடி மவுன்ட் அட்டை வையுங்கள். கூச்சம் தராத மேட் கண்ணாடி வேண்டாம், சாதாரணக் கண்ணாடி போதும். ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டாமல், ஜன்னல் இருக்கும் சுவருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டுங்கள். காலை வெயில் சாய்ந்து உள்ளே வரும்போது, நீங்கள் அறையைக் கடந்து நடந்தால், செம்பின் வயிற்றில் பொன் ஓர் இழுப்பாக எழுந்து அடங்கும்.