கூலியைத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தம்

தூத்துக்குடி கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தை நெல்லைச் சீமையில் தெரியாதவர் இல்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள், கூலி பாதிக்குப் பாதி ஏறியது. கூலி வாங்கிய கதைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. வாங்கிய கூலியில் ஒரு பகுதியை நாமே திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் அந்தத் தாளை எப்படி எழுதுவது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. விக்கிரமசிங்கபுரம், பேட்டை, தாழையூத்து என்று ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்த ஊர்களில் அந்தத் தாள் என்றைக்காவது சங்க அலுவலகத்துக்கு வரத்தான் செய்யும். ஆலை நஷ்டம், பஞ்சப்படியைக் கொஞ்ச நாள் நிறுத்துவோம், அரசிடமும் வங்கியிடமும் கேட்டிருக்கிறோம், நீங்களும் இறங்கி வாருங்கள் என்று நிர்வாகம் சொல்லும். "அண்ணாச்சி, அமெரிக்காவுல ஜி.எம். கம்பெனிக்காரனே விட்டுக்கொடுத்துத்தானே பொழச்சான்" என்று நம் பக்கத்திலிருந்தே ஒருவர் எடுத்துக் கொடுப்பார்.

அவர் சொல்வது பொய்யில்லை, பாதிக் கதை. 2008 டிசம்பர் 19 அன்று அமெரிக்க அரசு ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.), கிரைஸ்லர் என்ற இரண்டு கார் கம்பெனிகளுக்கும் சேர்த்து 1,740 கோடி டாலர் அவசரக் கடன் அறிவித்தது. அதில் தொழிலாளர் சம்பந்தப்பட்ட நிபந்தனைகள் இருந்தன. அங்கே ஆலை வைத்திருக்கும் ஜப்பானியக் கம்பெனிகளின் அளவுக்குக் கூலிச் செலவு இறங்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களின் மருத்துவ நிதிக்குக் கம்பெனி தர வேண்டிய பணத்தில் பாதியைப் பங்காக வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கத்திய கார்த் தொழிலாளர் சங்கமான யூ.ஏ.டபிள்யூ. 2009-ல் இறங்கி வந்தது. விலைவாசிப்படி நின்றது. வேலை இல்லாத நாளிலும் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தந்துவந்த 'ஜாப்ஸ் பேங்க்' போனது. ஈஸ்டர் திங்கள் விடுமுறைகூட இரண்டு வருடத்துக்குப் போனது. ஜி.எம்.மிலும் கிரைஸ்லரிலும் 2015 வரை சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் கிடையாது என்றும் கையெழுத்தானது. ஜி.எம். அந்த மருத்துவ நிதிக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 2,000 கோடி டாலர். அதற்குப் பதிலாகக் கிடைத்தவை புதிய கம்பெனியில் 17.5 சதவீதப் பங்கு, 650 கோடி டாலர் முன்னுரிமைப் பங்கு, 250 கோடி டாலர் கடன் பத்திரம்.

ஜி.எம். 2009 ஜூன் 1 அன்று திவால் நீதிமன்றம் போய், ஜூலை 10 அன்று வெளியே வந்தது. நாற்பது நாளில் கம்பெனி எழுந்துவிட்டது. நின்ற விலைவாசிப்படி திரும்பி வர 2023 வேலைநிறுத்தம் வரை ஆனது, பதினான்கு வருடம். காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 'நிறுத்தி வைக்கிறோம்' என்று எழுதியவர்கள், கம்பெனி எவ்வளவு லாபத்தைத் தொட்டால் அது தானாகத் திரும்பும் என்று எழுதவில்லை.

இனி நம் ஊர்க் கணக்கு. சம்பளத்தில் 3,000 ரூபாய் குறைத்தால் மாதம் 3,000 தானே போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். சம்பளத்தின் எந்த வரியில் கை வைக்கிறார்கள் என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. பணிக்கொடை (கிராஜுவிட்டி), கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடத்தால் பெருக்கி வருவது. நூற்பு மெஷின் பார்க்கும் சைடராக 24 வருடம் வேலை பார்த்த ஒருவருக்கு இரண்டும் சேர்ந்து 18,000 ரூபாய் என்றால் பணிக்கொடை 2,49,231 ரூபாய். பஞ்சப்படியில் 3,000 வெட்டி, ஆறாம் மாதம் ஆலையை மூடினால் அதே ஆளுக்கு 2,07,692 ரூபாய். ஆறு மாதத்தில் விட்டுக்கொடுத்தது 18,000 ரூபாய், பணிக்கொடையில் மட்டும் போனது 41,539 ரூபாய். பழைய 24 வருடத்தையும் சேர்த்து அந்த வெட்டு தின்றுவிட்டது. ஆட்குறைப்பு இழப்பீடும் அப்படித்தான். வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்குச் சராசரி என்பது கடைசி மூன்று மாதம். மூன்று மாதம் குறைந்த சம்பளம் வாங்கிவிட்டால் அங்கேயும் 36,000 ரூபாய் கழியும். தற்காலிகமாக வேலை தராமல் லே-ஆஃப் விட்டால் கிடைக்கும் அரைச் சம்பளம், பி.எஃப்.பில் நிர்வாகத்தின் 12 சதவீதம் எல்லாம் அதே வேரிலிருந்து வருபவை. மூடும் எண்ணத்தோடு வெட்டுக் கேட்கும் நிர்வாகத்துக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் வருகை ஊக்கத்தொகை, போனஸில் சட்ட அளவான 8.33 சதவீதத்துக்கு மேலே இருக்கும் பகுதி, அடுத்து வர வேண்டிய இன்கிரிமென்ட் இவற்றைக் கொடுக்கலாம். அடிப்படையையும் பஞ்சப்படியையும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டே தீர வேண்டிய நிலை வந்தால் ஒரு வரி கட்டாயம்: பணிக்கொடைக்கும் ஆட்குறைப்பு, மூடல் இழப்பீடுகளுக்கும் குறைப்புக்கு முந்தைய மாதச் சம்பளமே கடைசிச் சம்பளமாகக் கொள்ளப்படும். பணிக்கொடைச் சட்டம் தருவதைவிடக் கூடுதலாகத் தர ஒப்பந்தம் போட அந்தச் சட்டமே இடம் தருகிறது. நேர்மையான நிர்வாகம் இந்த வரிக்கு மறுப்புச் சொல்வதில்லை, அதற்கு இன்றைக்கு ஒரு பைசா செலவில்லை. மறுத்தால் அதுவே ஒரு தகவல்.

கையெழுத்து எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம், 2025 நவம்பர் வரை இருந்த தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்ணால் பேச்சில் 18(1), கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டும். தொழிலாளர் துறை அதிகாரியின் சமரசத்தில் போடும் 12(3) எல்லாத் தொழிலாளரையும், நாளை சேரப்போகிறவரையும் கட்டும். ஆலையில் மூன்று சங்கம் இருந்து ஒன்று மட்டும் 18(1) போட்டால், மற்ற சங்கத்துக்காரர்களைத் தனித்தனியாக அறைக்குக் கூப்பிட்டுத் தாளை நீட்டுவார்கள். அங்கிருந்துதான் பிளவு தொடங்கும். அடுத்தது காலம். ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் ஆறு மாதம். ஆனால் ஆறு மாதத்தோடு அது தானாகச் சாகாது. முடித்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, அதன் பிறகு அறுபது நாள் கழியும் வரை உயிரோடுதான் இருக்கும். அறிவிப்பே கொடுக்காமல் 'தற்காலிக' வெட்டை வருடக்கணக்கில் சுமப்பது அப்படித்தான் நேர்கிறது.

பேச்சுக்கு உட்காரும் முன் பி.எஃப். பாஸ்புக்கைப் பார்க்க வேண்டும். பேலன்ஸ் ஷீட்டைவிட அது சீக்கிரம் உண்மை பேசும். பணம் முட்டும் ஆலை ஈ.பி. பில்லை விடாது, விட்டால் லைனைத் துண்டித்துவிடுவார்கள். பஞ்சு வியாபாரியை விடாது, விட்டால் அடுத்த லோடு வராது. நம் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் விடுவதுதான் அதற்குச் சுலபம், கேட்டுக் கடிதம் வர மாதங்கள் ஆகும். பாஸ்புக்கில் நான்கு மாத ஓட்டை இருந்தால் நாம் ஏற்கெனவே அந்த ஆலைக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

அரசுப் பணம் வந்தால் ஆலை பிழைக்கும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். கிரைஸ்லருக்கு 1980-ல் அமெரிக்க அரசு பணம் கொடுக்கவில்லை, 150 கோடி டாலர் வரை கடனுக்கு ஜாமீன் நின்றது. அதற்கு ஈடாகப் பங்கு வாங்கும் உரிமையை எழுதி வாங்கி, 1983-ல் அதை விற்று 31 கோடி டாலர் பார்த்தது. சங்கமும் அந்த முறை சும்மா இறங்கவில்லை, அதன் தலைவர் டக்ளஸ் ஃப்ரேசருக்கு இயக்குநர் குழுவில் இடம் கிடைத்தது. 2009-ல் ஜி.எம்.முக்கு அரசு மொத்தம் 4,950 கோடி டாலர் இறக்கி, 61 சதவீதம் அளவுக்குச் சொந்தக்காரனாகி, 2013 டிசம்பரில் கடைசிப் பங்கை விற்றபோது ஆயிரம் கோடி டாலருக்கு மேல் நஷ்டம் கண்டது. யாருக்கு முதலில் பணம் என்ற வரிசையையே அங்கே அரசு மாற்றி அமைத்தது. நம் நாட்டில் அந்த வரிசை 2016 திவால் சட்டத்தில் அச்சாகியிருக்கிறது: ஆலை கலைப்புக்குப் போனால் முதலில் நடைமுறைச் செலவு, அடுத்து தொழிலாளரின் 24 மாத நிலுவையும் அடமானக் கடன்காரரும் ஒரே படியில். பி.எஃப்., பணிக்கொடை நிதிகளில் இருக்கும் பணம் கலைப்புச் சொத்தில் சேராது. நிதியில் பணம் இருந்தால்தானே அந்தப் பாதுகாப்பு என்பது வேறு விஷயம்.

விட்டுக்கொடுப்பதில் மிகச் சுலபமானது இன்னும் வேலைக்கு வராதவனின் கூலியை விட்டுக்கொடுப்பது. 2007-லேயே யூ.ஏ.டபிள்யூ. அதைச் செய்தது. பழைய ஆளுக்கு மணிக்கு 28 டாலர், புதிதாகச் சேர்பவருக்குச் சுமார் 14. அன்றைய கூட்டத்தில் அவனுக்கு ஓட்டு இல்லை. நம்மிடம் அந்த இரண்டாம் படிக்குப் பயிற்சியாளர், கான்ட்ராக்ட், ஆலை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கும் கேம்ப் கூலி என்று பல பெயர். பேட்டை ஐ.டி.ஐ. முடித்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பஸ் ஏறும் பையன்கள் பலர் அந்தப் படியில்தான் கால் வைக்கிறார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து தூத்துக்குடியிலேயே வின்ஃபாஸ்ட் கார் ஆலை ஓடுகிறது. இனி கார்த் தொழிலின் ஏற்ற இறக்கம் நம் வீட்டு வாசலுக்கும் வரும். நிரந்தரத் தொழிலாளரின் வெட்டை மட்டும் எழுதி, பயிற்சியாளர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு எழுதாத ஒப்பந்தத்தில், குறைத்த கூலி திரும்பும் நாளில் அதை வாங்க நிரந்தர ஆள் மிச்சம் இருக்க மாட்டார்.

திரும்பும் வரியை இப்படி எழுதலாம்: தணிக்கை செய்த கணக்கில் தொடர்ந்து இரண்டு காலாண்டு ரொக்க லாபம் வந்தால், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பஞ்சப்படி பழைய நிலைக்கு வரும், நிறுத்தி வைத்த தொகை பன்னிரண்டு தவணையில் வழங்கப்படும், கணக்கைப் பார்க்கச் சங்கம் சொல்லும் ஆடிட்டருக்கு அனுமதி உண்டு. 'நிலைமை சீரானதும் பரிசீலிக்கப்படும்' என்ற வாசகத்தை அடித்துவிட்டு இதை எழுதச் சொல்ல வேண்டும். பிறகு, வெட்டுக்கு முந்தைய மூன்று மாதச் சம்பளச் சீட்டை ஒவ்வொருவரும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைச் சங்க அலுவலகப் பீரோவிலும் இன்னொன்றை வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் இடத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும்.