நாலாவது கிளிப்

திருகோணமலையில் ரோட்டோரமாக ஒரு காரின் பொனட்டைத் திறந்து வைத்துப் பாருங்கள். உதவிக்கு ஆள் வருகிறதோ இல்லையோ, ஆலோசனைக்கு வந்துவிடும். அதுவும் ஞாயிறு பின்னேரம், டச்சுபே கடற்கரை என்றால் கேட்கவே வேண்டாம். கடல் பார்க்க வந்த சனம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எஞ்சின் பார்க்கும்.

அத்தான் பார்த்த வேலை. அக்காவும் பிள்ளைகளும் தண்ணிக்குள் நிற்க, இவர் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, சாவியை மட்டும் திருப்பி வைத்து, காற்றாடியை முழுசாகக் கூட்டி, ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். கச்சான் காற்று அடிக்கிற காலம், வெளியில் நின்றால் முகம் வேகும் என்பது அவருடைய நியாயம். கடைசி விக்கெட் விழ முதலே பற்றரி விழுந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் டக், டக், டக். எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டர் சுற்றவே இல்லை.

முதலில் வந்தது தள்ளுகிற கோஷ்டி. "அண்ணை, ரெண்டாம் கியர்ல போடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே பெடியள் பின்னுக்குப் போய்விட்டார்கள். அது ஓட்டோ கியர் விட்ஸ். கன்னியா வரைக்கும் தள்ளினாலும் ஸ்டார்ட் வராது. எஞ்சின் ஓடினால்தான் கியர்ப் பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம் வரும், அழுத்தம் வந்தால்தான் சில்லுக்கும் எஞ்சினுக்கும் தொடுப்பு. இதை நான் சொல்லி முடிக்க முதல் கார் கொஞ்சத் தூரம் போய்விட்டது. மணலை விட்டுத் தார் ரோட்டுக்கு வந்தோம், அந்த அளவில் லாபம்.

பிறகு ஐயா ஒருவர். அவருடைய தகப்பனார், 1957இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை டொக்யார்ட்டில் வேலை செய்தவராம். அந்தத் தகுதியில் மகன் பேசினார். "லொறி ஒண்டை மறியுங்கோ. பெரிய பற்றரி. ஒரே இழுவையில எடுக்கும்."

மறித்தார்கள். மீன் ஏற்றுகிற கூலர் லொறி, ஓட்டி வந்தவர் கிண்ணியா நானா ஒருவர். இறங்கிப் பொனட்டுக்குள் எட்டிப் பார்த்தவர் தலையை ஆட்டினார்.

"ஐயா, எண்ட லொறி 24 வோல்ட். ரெண்டு பற்றரி தொடுத்து இரிக்கு. இந்தக் கார் 12. இதைக் குடுத்தா கார் ஸ்டார்ட் ஆகாது, உள்ளுக்கு இரிக்கிற கம்ப்யூட்டர்தான் பொரியும்."

ஐயா லேசில் விடவில்லை. கூடக் குடுத்தால் கூட ஓடும்தானே என்றார். நானா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சீட்டுக்குப் பின்னாலிருந்து விரல் மொத்தத்தில் சிவப்பும் கறுப்புமாக, ஒரு பற்றரியில் இருந்து மற்றதுக்குக் கரண்ட் குடுக்கிற ஜம்பர் வயரை இழுத்தெடுத்தார். அதற்கிடையில் ஓட்டோக்காரத் தம்பி வீட்டுக்குக் கரண்ட் இழுக்கிற வயரோடு ஓடி வந்தான். "இது பல்ப் எரிக்க நல்லம் மகன். செல்ஃப் சுத்தேக்க நூறு, இருநூறு அம்பியர் இழுக்கும். வயர் உருகி உண்ட கையில ஒட்டிக்கொள்ளும்."

இனி 12 வோல்ட் கார் ஒன்று வேண்டும். பக்கத்தில் அல்டோவோடு நின்ற ரீச்சரைக் கேட்டோம். "என்ட காருக்கு ஒண்டும் ஆகாதே?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொழுவினால் ஃபியூஸ், ஆல்டர்னேட்டர் எல்லாம் சேர்ந்து போகும், உதவி செய்ய வந்த காருக்கும் சேதம் வரலாம். சரியாகக் கொழுவினால் பயமில்லை என்று நானா சொன்ன பிறகுதான் அல்டோ முன்னுக்கு வந்தது. ரெண்டு காரும் முட்டாமல் ஒரு முழ இடைவெளி. ரெண்டும் நிற்பாட்டி, ஹேண்ட்பிரேக் இழுத்து, லைட், காற்றாடி எல்லாம் ஓஃப்.

எங்கள் பற்றரியின் பிளஸ் முனையில் வெள்ளையும் பச்சையுமாகத் தூள் பூத்துக் கிடந்தது. நானா கிளிப்பின் பல்லாலேயே அதைச் சுரண்டினார், உள்ளே ஈயம் மினுங்கும்வரை. "வீட்டை போய் அப்பச்சோடாவும் சுடுதண்ணியும் போட்டுக் கழுவுங்க. கண்ணில பட விடாதீங்க."

இந்த நேரத்தில் மருமகள் டாஷ்போர்ட்டுக்குள் இருந்து காரின் புத்தகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். ஜப்பானில் இருந்து வந்த கார், புத்தகமும் முழுக்க ஜப்பான் மொழி. படத்தில் 1, 2, 3, 4 என்று இலக்கம் போட்டிருந்ததால் தப்பினோம். அவள் இலக்கத்தைக் கத்தினாள். ஒன்று, சிவப்பு எங்கள் பிளஸ்ஸில். இரண்டு, அதன் மற்ற நுனி அல்டோவின் பிளஸ்ஸில். மூன்று, கறுப்பு அல்டோவின் மைனஸில். நாலு...

"மாமா, நாலு பற்றரியில இல்லை. எஞ்சினில காட்டியிருக்கு."

ஐயா புத்தகத்தை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். "ஜப்பான்காரன் பிழையா அச்சடிச்சிருக்கிறான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அத்தானும் சபைக்குக் கட்டுப்பட்டு, நாலாவது கிளிப்பைப் பற்றரியின் மைனஸ் பக்கம் கொண்டுபோனார். கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த மான் ஒன்று ஐயாவின் கையில் இருந்த புத்தகத்தின் மூலையைக் கடித்து இழுத்தது. அவர் "சூ, சூ" என்று துரத்த, சனம் சிரித்தது. சிகரெட்டும் கையுமாக ஒருவர், என்ன நடக்கிறதென்று பற்றரிக்கு மேலேயே குனிந்தார்.

நானா போட்ட சத்தத்தில் மானும் ஓடியது, சிகரெட்டும் ஓடியது.

"மகன், அதுல வெக்காத! பற்றரிக்குள்ள இருந்து ஹைட்ரஜன் வரும். கடைசிக் கிளிப் தொடேக்க பொறி பறக்கும். ரெண்டும் ஒரு இடத்தில சந்திச்சா பற்றரி வெடிச்சு அசிட் மூஞ்சில."

அவர் சொன்னதில் கூட்டல் குறைத்தல் இல்லை. காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால்தான் கடைசிக் கிளிப் பற்றரியை விட்டுத் தள்ளி, பெயின்ற் இல்லாத எஞ்சின் இரும்பில். எஞ்சினைத் தூக்கப் போட்டிருந்த கொக்கியில் நானா கடிக்க வைத்தார். சின்னதாக ஒரு நீலப் பொறி, சட்டென்று. ஐயா அதைப் பார்த்தார், அதன் பிறகு அச்சுப் பிழை பற்றிப் பேசவில்லை.

அல்டோவை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விட்டோம். பிறகு அத்தான் சாவியைத் திருப்ப, விட்ஸ் இருமிப் பிடித்தது. கைதட்டல். கழற்றும்போது தலைகீழ் ஒழுங்கு: முதலில் எஞ்சினில் இருந்த கறுப்பு, கடைசியாக எங்கள் சிவப்பு. கழற்றிய நுனிகள் ஒன்றோடொன்று உரசக் கூடாது. எல்லாம் முடிய அத்தான் இறங்கி வந்து எல்லாருக்கும் கைகுடுக்க வேண்டும் என்று எஞ்சினை நிற்பாட்டக் கையை வைத்தாரே பாருங்கள், முழுக் கடற்கரையும் சேர்ந்து "நிப்பாட்டாதீங்கோ!" என்றது.

பற்றரியில் சார்ஜ் ஏறட்டும் என்று நிலாவெளி வரைக்கும் ஓடித் திரும்பினோம். பிள்ளைகளுக்கு அது இலவசச் சுற்றுலா. ஆனாலும் அடுத்த நாள் கராஜில் மீட்டர் வைக்க 11.8 வோல்ட் காட்டியது. நிறைந்த பற்றரி 12.6 காட்ட வேண்டும். பற்றரிக்குக் குளிரை விட வெக்கைதான் எமன் என்று மெக்கானிக் சொல்ல, அத்தான் பழியைக் கச்சான் காற்றின் தலையில் போட்டுவிட்டுப் புதுப் பற்றரி வாங்கினார். கூடவே ஜம்பர் வயரும். முதலில் எடுத்தது மெல்லிசு வயர். அக்கா பார்த்த பார்வையில் திரும்பப் போய் மொத்தம் வாங்கி வந்தார்.

இப்போது பிரச்சினை வேறு. ரோட்டில் எங்கே பொனட் திறந்திருந்தாலும் அத்தானுக்குக் கால் தானாகப் பிரேக்கில் போகிறது. போன கிழமை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒருவர் காரைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க, இவர் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, ஹைட்ரஜனில் இருந்து விளக்கம் தொடங்கிவிட்டார். அந்த மனிதன் தண்ணிப் போத்தலைக் காட்டி, "அண்ணை, வைப்பருக்குத் தண்ணி விடத்தான் திறந்தனான்" என்றது நாலாவது கிளிப் வந்த பிறகுதான் இவர் காதில் விழுந்தது.