வெறுமையாய்க் கிடக்கும் கடைசி நிரல்

குழந்தைப்பேறு சிகிச்சைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கும் சென்னைக்கும் போகிற தம்பதிகளில் காணியை ஈடு வைத்தவர்களும் உண்டு. "டொக்டர், எத்தனை வீதம் சரிவரும்?" என்று கேட்பார்கள். பதிலாக வரும் எண் எதை எதால் வகுத்து வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குக்கு, 100 பேர் முட்டை வளர்க்கும் ஊசி தொடங்குகிறார்கள் என்று வைப்போம். முட்டை வளராமல் 10 பேர் இடையில் நின்றுவிடுகிறார்கள். மிச்சம் 90 பேருக்கு முட்டை எடுத்தாலும், கருப்பையில் கரு வைக்க முடிவது 75 பேருக்கு. இரண்டு கிழமை கழித்து இரத்தப் பரிசோதனையில் 38 பேருக்குப் பொசிட்டிவ். ஸ்கானில் இதயத்துடிப்பு 30 பேருக்கு. பிள்ளை பிறப்பது 24 பேருக்கு. 38ஐ 75ஆல் வகுத்தால் 51 வீதம். 24ஐ 100ஆல் வகுத்தால் 24 வீதம். இரண்டும் ஒரே பதிவேடுதான். காணியை ஈடு வைத்தவருக்குச் சொல்ல வேண்டியது இரண்டாவது.

அதனால் கிளினிக் பதிவேட்டில் ஊசி தொடங்கும் நாளிலேயே வரிசை இலக்கம் போட வேண்டும். முட்டை எடுக்கும் நாளில் பதியத் தொடங்கினால் அந்த 10 பேரும் காணாமல் போவார்கள். வயதையும் அன்றே எழுத வேண்டும்; 35க்குக் கீழ், 35–37, 38–40, அதற்கு மேல் என்று பிரிக்காத வீதம் 41 வயதுப் பெண்ணுக்கு உதவாது.

எங்கள் பெயர்கள் பெரிய தலையிடி. கலியாணத்துக்கு முன் தகப்பன் பெயர், பின் புருஷன் பெயர். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் பைலுக்குப் பைல் மாறும். அடையாள அட்டையிலும் பழையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியது 12 இலக்கம். இரண்டையும் பதியாவிட்டால் ஒரே ஆள் இருவராகிவிடுவார்.

ஆனால் அதிகம் பிழை வருவது, பிள்ளை பிறந்ததா என்று எழுதும் கடைசி நிரலில். கரு வைப்பது கொழும்பில், பேறு யாழ் போதனா வைத்தியசாலையில். வயிற்றில் தங்கியபின் பழைய கிளினிக்குக்கு யார் போவார்கள்? வெறுமையாய்க் கிடக்கும் இடத்தைப் 'பிறந்தது' என்று நிரப்புவது பிழை. அந்த ஆளையே கணக்கிலிருந்து வெட்டுவதும் பிழை. 'தெரியாது' என்று எழுதி, வகுக்கும் எண்ணில் அவரை வைத்திருக்க வேண்டும்.

ஆய்வுகூடத்தில் 5 நாள் வளர்த்த கரு என்றால், வைத்த நாளிலிருந்து 261ஆம் நாள் பேற்றுத் திகதி. அதற்கு இரண்டு கிழமை கழித்துப் போன் எடுக்கலாம். மாமியார் எடுத்தால் கிளினிக் பெயரைச் சொல்லவே கூடாது. சிகிச்சை எடுத்ததை வீட்டுக்குச் சொல்லாதவர்கள் நிறையப் பேர். சிகிச்சை எடுத்த பெண்ணே போனை எடுத்தாலும், "பிள்ளை பிறந்திட்டுதோ?" என்று தொடங்க வேண்டாம். பிள்ளை தங்காத வீடாகவும் இருக்கலாம். "எப்பிடி இருக்கிறியள் அம்மா?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தால், அவரே சொல்லுவார்.